பெயர் ஒன்று, குளிசை பல

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமயச் சொற்பொழிவும் இலக்கியச் சொற்பொழிவும் கேட்டுப் பழகிய இம்மண்டபத்தில் மருந்துக் குளிசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அவர்கள் சிறிது தயங்கினார். "தம்பி, நீர் டாக்குத்தருக்கோ படிக்கிறீர்?" என்றும் கேட்டார். இல்லை, நான் இரசாயனம் படிக்கும் மாணவன். நோய்க்கு மருந்து சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆயினும் ஒரு குளிசைக்குள் என்ன இருக்கிறது, அது வயிற்றுக்குள் போய் எவ்வாறு கரைகிறது என்று சொல்வதற்கு இரசாயனம் படிப்பவனுக்கும் சிறிது உரிமை உண்டு. மேலும், இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுட் பலர் மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று வருபவர்கள் என்பதையும் நான் அறிவேன். இன்றைய பொருள் அவர்களுடைய பொருள்.

பொருள் இதுதான். வைத்தியர் எழுதித் தந்த ஒரே மருந்தை, ஒரே அளவில், ஒரு கம்பனியின் குளிசையை விட்டு இன்னொரு கம்பனியின் குளிசையாக எடுக்கத் தொடங்கும்போது சிலருக்குப் புதிய கோளாறுகள் தோன்றுகின்றன. அவை மெய்யா, மனப்பிரமையா? மெய்யானால், அதற்குக் காரணம் யாது?

எங்கள் குறிச்சியில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். தைரொயிட்டுச் சுரப்பி போதிய அளவு வேலை செய்யாமையாற் பல வருடங்களாகத் தினம் ஒரு குளிசை எடுத்து வந்த மாமி ஒருவர், ஒரு நாள் குளிசை உறையை என்னிடம் நீட்டினார். "தம்பி, முந்தித் தந்தது வேறை மாதிரி. இது பெரிசு, வெள்ளை. இதைப் போட்ட நாள் தொட்டு நெஞ்சு படபடக்குது, நித்திரையும் இல்லை. மருந்தை மாத்திப்போட்டாங்கள். நான் விட்டிட்டன்" என்றார். உறையின் மேல் ஆங்கிலத்திற் கிறுக்கியிருந்த பெயர் பழைய பெயரே. அளவும் பழைய அளவே. "மருந்து அதுதான், உங்களுக்குத்தான் பயம்" என்று வீட்டார் எல்லாரும் சொல்லிப் பார்த்தனர். மாமி கேட்கவில்லை. மூன்று கிழமை கழிந்தபின், உடல் ஊதிச் சோர்ந்துபோன நிலையில், மகள் வற்புறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். அவர் குளிசையை மறுபடி தொடங்குவித்து, சில கிழமைகளின் பின் இரத்தத்தைச் சோதித்து, அளவைச் சிறிது திருத்திக் கொடுத்தார். இன்று சுகமாயிருக்கிறார்.

மாமி சொன்னது சரியா, வீட்டார் சொன்னது சரியா? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை இல்லை. அதனாலேயே இன்று இதைப் பேசத் துணிந்தேன்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். ஒவ்வொரு மருந்துக்கும் பொதுப் பெயர் ஒன்று உண்டு. அதைச் செய்து விற்கும் கம்பனி வைத்த வர்த்தகப் பெயர் இன்னொன்று உண்டு. காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் நாம் வாங்குவது பரசிற்றமோல் என்னும் மருந்து; ஆனால் கடையிற் போய் "பனடோல் இரண்டு தாருங்கோ" என்றுதான் கேட்கிறோம். பரசிற்றமோலைப் பல கம்பனிகள் பல பெயர்களிற் செய்கின்றன. எதை விழுங்கினாலும் தலையிடி போகிறது, நாம் கவலைப்படுவதில்லை. பெரும்பாலான மருந்துகளின் நிலை இதுவே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பின்னாற் சொல்லப்போகும் கதைகளைக் கேட்டு, "மலிவான மருந்தெல்லாம் போலி" என்று எவரும் வீடு சென்று சொல்லக்கூடாது.

இனி, குளிசைக்குள்ளே நுழைவோம். தைரொயிட்டுக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் லெவோதைரொட்சின் என்ற மருந்தில் ஒரு நாளைக்கு வேண்டியது 100 மைக்குரோகிராம் அளவு எனக் கொள்வோம். அது ஒரு மில்லிகிராமிற் பத்தில் ஒரு பங்கு; கண்ணுக்குத் தெரியாத தூசி. அதைக் கையால் எடுத்து வாயிற் போடமுடியாது. ஆகவே அதனோடு மாப்பொருள், பாலிலிருந்து பெறும் லற்றோசு என்ற சீனி, ஒட்டுப்பசை, குளிசை அச்சில் ஒட்டாதிருக்க ஒரு பொடி, சில வேளை நிறச்சாயம் என்பவற்றைச் சேர்த்து, விரலாற் பிடிக்கத்தக்க ஒரு வில்லையாக அழுத்துகிறார்கள். குளிசையின் நிறை 100 மில்லிகிராமானால் அதில் மருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு. மிகுதி 999 பங்கும் மருந்தல்லாத பொருள். நாம் பெயர் சொல்லி வாங்குவது அந்த ஒரு பங்கை, விழுங்குவதோ முழுவதையும்.

மருந்தல்லாத பொருளுக்கு என்ன வலிமை இருக்கிறது என்று கேட்கலாம். இதற்கு மேனாட்டு நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. நம்முடைய பரிகாரிமாரைக் கேட்டாற் போதும். சூரணம் ஒன்றாயிருக்க, அதை ஒரு நோயாளிக்குத் தேனிற் குழைத்துக் கொடுப்பார், இன்னொருவருக்கு நெய்யில், வேறொருவருக்கு இஞ்சிச் சாற்றில் அல்லது வெற்றிலைச் சாற்றில். இதனை அனுபானம் என்பர். அனுபானம் மாறினால் மருந்தின் போக்கும் மாறும் என்பது சித்த வைத்தியத்தின் அரிச்சுவடிப் பாடம். தேனுக்குப் பதிலாக வெந்நீரில் எடுத்துவிட்டுப் போனால் பரிகாரியார் முகத்தைச் சுளிப்பார். மேனாட்டுக் குளிசையின் அனுபானம் குளிசைக்குள்ளேயே மறைந்து கிடப்பதால் அப்படி ஒன்று இருப்பதையே நாம் மறந்துவிடுகிறோம். மேனாட்டாரும் ஒரு காலத்தில் மறந்துதான் இருந்தார்கள். அவர்களுக்கு அதை நினைவூட்டிய ஊர்களுள் ஒன்று அவுஸ்திரேலியாவிலுள்ள பிறிஸ்பேன் நகரம்.

1968ஆம், 1969ஆம் ஆண்டுகளில் அந்நகரத்து வலிப்பு நோயாளர் பலருக்கு விசித்திரமான நிலை ஏற்பட்டது. நடக்கும்போது கள்ளுண்டவர்போலத் தள்ளாடினர். பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரிந்தது. கண்மணிகள் தாமாகவே துடித்தன. பகலிலே தூங்கி வழிந்தனர். இவர்கள் எல்லாரும் பினைற்றோயின் என்ற வலிப்பு மருந்தை வருடக்கணக்காக எடுத்துவந்தவர்கள். அளவை எவரும் கூட்டவில்லை, வைத்தியரும் மாற்றவில்லை. ஆனால் இரத்தத்தைச் சோதித்தபோது பெரும்பாலோருக்கு அம்மருந்து இருக்கவேண்டிய அளவுக்கு மேலாக நின்றது. அங்குள்ள வைத்தியர்கள் 51 நோயாளரை ஆராய்ந்து 1970இற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள்.

நடந்தது இதுவே. அக்குளிகைகளில் மருந்தோடு நிரப்புப் பொருளாகச் சேர்க்கப்பட்டிருந்தது கல்சியம் சல்பேற்று. அதனை நீக்கி, லற்றோசைச் சேர்த்தார்கள். வைத்தியருக்கோ நோயாளருக்கோ அது ஒரு செய்தியாகத் தோன்றியிருக்காது. சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பொடிக்குப் பதில் ஒரு சீனிப் பொடி, அவ்வளவே. ஆனால் கல்சியம் சல்பேற்று அதுகாறும் மருந்தின் ஒரு பகுதியைப் பற்றிப் பிடித்து, குடல் உறிஞ்சாதபடி தடுத்து வந்தது. லற்றோசு அவ்வாறு பிடிப்பதில்லை. ஆகவே முன்பு மலத்தோடு வீணாகிப் போன மருந்தும் இப்போது இரத்தத்துட் சேர்ந்தது. நோயாளர் விழுங்கிய அளவு பழைய அளவு. உடலுக்குள் நுழைந்த அளவு புதிய அளவு.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு விளக்கம். மருந்து சிறிது கூடினால் இத்தனை கேடு வருவானேன்? தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இறைத்த நீர் மேலே விழுகிறது. அடித்துவாரம் வழியாக வாய்க்காலுக்குப் பாய்கிறது. துவாரத்தால் வெளியேறக்கூடிய அளவுக்குக் குறைவாக நீர் விழும்வரை தொட்டியில் நீர்மட்டம் அமைதியாக நிற்கும். அந்த எல்லையைத் தாண்டி ஒரு சிறங்கை நீர் அதிகமாக விழத் தொடங்கினாலும் மட்டம் ஏறிக்கொண்டே போகும். பினைற்றோயினை உடலிலிருந்து அகற்றுவது ஈரல். ஈரலின் துவாரம் சிறியது. சாதாரணமாகக் கொடுக்கும் அளவிலேயே அது ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. ஆதலால் உட்செல்லும் மருந்து பத்திலொரு பங்கு கூடினால் இரத்தத்தில் உள்ளதும் பத்திலொரு பங்கு கூடும் என்று கணக்குப் போடமுடியாது, இரட்டிப்பாகவும் கூடலாம். இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 முதல் 20 மைக்குரோகிராம் வரை இருந்தால் மருந்து. 20ஐத் தாண்டினாற் கண் துடிக்கும். 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரம்பு நம் வயல் வரம்பிலும் ஒடுங்கியது.

இவ்வாறு வரம்பு ஒடுங்கிய மருந்துகள் சிலவே. வலிப்புக்குக் கொடுப்பனவற்றுட் சில, இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்பரின், மனநோய்க்குக் கொடுக்கும் லிதியம், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்க்குக் கொடுப்பவை, இருதயத்துக்குக் கொடுக்கும் டிகொட்சின், மேலே சொன்ன லெவோதைரொட்சின் ஆகியன அவற்றைச் சேர்ந்தவை. டிகொட்சினைப் பற்றி 1971இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, ஒரே அளவு எழுதப்பட்ட வெவ்வேறு தயாரிப்புக்களை விழுங்கியவர்களின் இரத்தத்தில் ஏழு மடங்குவரை வேறுபாடு கண்டது. பிரசர் குளிசையும் வயிற்றெரிவுக் குளிசையும் எடுப்பவர் இப்பட்டியலைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை.

நிற்க. இக்கேடுகளைக் கண்டபின் அரசாங்கங்கள் வாளாவிருக்கவில்லை. ஒரு கம்பனி, பிறர் கண்டுபிடித்த மருந்தைப் பொதுப் பெயரிற் செய்து விற்க விரும்பினால், சுகதேகிகள் சிலருக்குப் பழைய குளிசையையும் புதிய குளிசையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, இரத்தத்தில் மருந்து ஏறும் அளவும் வேகமும் ஒத்திருப்பதைக் காட்டவேண்டும் என்று விதித்தார்கள். ஒப்பு விகிதம் 80க்கும் 125க்கும் இடையில் அமைய வேண்டும் என்பது பொது விதி; வரம்பு ஒடுங்கிய மருந்துகளுக்கு ஐரோப்பாவில் 90க்கும் 111க்கும் இடையில். "அப்படியானால் மலிவு மருந்திலே நூற்றுக்கு இருபது பங்கு குறைவு" என்று சிலர் பேசுவதுண்டு. அது விதியைத் தவறாக வாசிப்பது. அந்த எல்லை சராசரிக்கு மட்டும் உரியதன்று; கணக்கில் வரக்கூடிய தளம்பலையும் சேர்த்து அதனுள் அடக்கவேண்டும் என்பதால், சராசரி மிக நெருங்கியிருந்தாலன்றித் தேறமுடியாது. அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 12 வருடங்களில் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறிஞ்சப்படும் மொத்த அளவில் வேறுபாடு சராசரி நூற்றுக்கு நாலுக்கும் குறைவாகவே இருந்தது.

விதி நல்லது. ஆனால் அதைப் பிரயோகிப்பவர் மனிதர். அதே அமெரிக்காவில் 2006இல், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புப்புறோப்பியன் என்ற மருந்தின் பொதுப்பெயர்க் குளிசை ஒன்று அனுமதி பெற்றது. அது உடலிலே மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டது. 150, 300 மில்லிகிராம் என இரண்டு அளவு. பரிசோதனை செய்தது 150ஐ மாத்திரம். 300உம் அவ்வாறே இருக்கும் என்று ஊகித்துக்கொண்டார்கள். மாறி எடுத்தவர்கள் தலையிடி, பதற்றம், நித்திரையின்மை, பழைய மனச்சோர்வு திரும்பி வருதல் என்று முறையிடத் தொடங்கினார்கள். மருந்து நிருவாகம் 2008இல் விடை சொன்னது: மனச்சோர்வு விட்டு விட்டு வரும் நோய்; வந்ததற்கு நோயே காரணமாகலாம். எங்கள் மாமியின் வீட்டார் சொன்ன விடைதான் இது. கொஞ்சம் படித்த மொழியில்.

முறைப்பாடு ஓயவில்லை. கடைசியில் நிருவாகமே 24 பேரை வைத்துச் சோதித்தது. 2012இல் முடிவு வந்தது. 300 மில்லிகிராம் குளிசை, மூலக் குளிசை எட்டும் உச்ச அளவில் முக்காற் பங்கையே இரத்தத்தில் எட்டியது. அக்குளிசை சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. ஆறு வருடம் நோயாளர் சொல்லி வந்ததை ஒரு பரிசோதனை ஒப்புக்கொண்டது. "எல்லாம் மனப்பிரமை" என்று கைவீசிச் சொல்வோர் இக்கதையை ஒரு முறை கேட்கவேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாது விட்டால் நான் ஒருதலை வழக்காடியவன் ஆவேன். நியூசிலாந்தில் லெவோதைரொட்சின் எடுப்போர்க்கு அரசு பணங் கொடுத்து வழங்கி வந்தது ஒரே கம்பனியின் குளிசை. 2007இல் அக்கம்பனி தன் உற்பத்தியைக் கனடாவிலிருந்து ஜேர்மனிக்கு மாற்றியது. மருந்து மாறவில்லை, உடன்சேர் பொருள்கள் மாறின, மஞ்சட் குளிசை வெள்ளைக் குளிசை ஆயிற்று. அதற்கு முந்திய 30 வருடங்களில் அக்குளிசையைப் பற்றி வந்த முறைப்பாடுகள் 14. மாறியபின் 18 மாதங்களில் வந்தவையோ 1,400க்கு மேல். குளிசையைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்தின் அளவும் தரமும் சரியாகவே இருந்தன. ஆராய்ச்சியாளர் நாட்டுப் படத்தை விரித்து வைத்து ஒரு கணக்குப் பார்த்தனர். எந்தப் பகுதிகளிற் பத்திரிகையும் தொலைக்காட்சியும் இதைப்பற்றிக் கூடுதலாகப் பேசினவோ அந்தப் பகுதிகளிலிருந்தே முறைப்பாடு கூடுதலாக வந்திருந்தது. தொலைக்காட்சியில் எந்த அறிகுறிகளைச் சொன்னார்களோ அந்த அறிகுறிகளே பின்பு பெருகின.

மருந்தில்லாத வெறுங் குளிசையைக் கொடுத்தாலும் நம்பிக்கையினால் நோய் தணிவதை மேனாட்டார் பிளசீபோ என்பர். நம் ஊரிலே திருநீறு போட்டதும் காய்ச்சல் இறங்கியது என்று சொல்வோரைப் படித்தவர் சிலர் நகைப்பார்கள், நான் நகைப்பதில்லை. இதன் மறுதலை நொசீபோ: தீங்கு வரும் என்ற எண்ணத்தாலேயே தீங்கு வருதல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. ஆனால் பழமொழியைச் சொல்லி நோயாளியை நகைத்துவிட முடியாது. அரண்டவனின் நெஞ்சு அடிப்பது பொய்யன்று, பேய்தான் பொய். எண்ணத்தால் வந்த தலையிடியும் தலையைத்தான் இடிக்கிறது. மேலும் தைரொயிட்டுக் குறைபாட்டின் அறிகுறிகளான களைப்பு, மயிர் உதிர்தல், நித்திரைக் குழப்பம் முதலியன மனிதர் எவருக்கும் வருடத்தில் இரண்டு தரமாவது வருபவை. குளிசை மாறாத மாதத்தில் வந்தாற் "பனிக்காலம்" என்போம். மாறிய மாதத்தில் வந்தாற் குளிசை என்போம்.

இரண்டுக்கும் நடுவே நிற்கிறது பிரான்சு நாட்டு வழக்கு. அதே லெவோதைரொட்சினை அங்கே மேர்க் என்ற கம்பனி விற்று வந்தது. பழைய குளிசை நாட்பட வலிமை குன்றுகிறது, அதைத் திருத்துக என்று அரசின் மருந்துப் பாதுகாப்பு நிறுவனமே 2012இற் கேட்டுக்கொண்டது. கம்பனி லற்றோசை நீக்கி மனிற்றோலும் சித்திரிக்கமிலமும் சேர்த்து, 2017 மார்ச்சிற் புதுக் குளிசையை வெளியிட்டது. நோக்கம் நல்லது, ஒப்புச் சோதனையும் தேறியது. எடுப்பவர்களோ முப்பது இலட்சம் அளவானோர். சில மாதங்களிற் களைப்பு, தலைச்சுற்று, மூட்டுவலி, நித்திரையின்மை என முறைப்பாடு குவிந்து 30,000ஐத் தாண்டியது. அவ்வருடம் ஒக்தோபரிற் பழைய குளிசையை மறுபடி இறக்குமதி செய்யவேண்டி வந்தது. 2019இல் வேறு சில ஆராய்ச்சியாளர் அந்தப் பழைய ஒப்புச் சோதனையின் எண்களை எடுத்துத் தனித்தனி ஆளாகப் பார்த்தனர். சராசரி ஒத்திருந்தது, ஆனால் சோதிக்கப்பட்டவருட் பாதிக்கு மேற்பட்டோர் தனியே பார்க்குமிடத்து அந்த ஒடுங்கிய எல்லைக்கு வெளியே நின்றனர். இதன் கருத்தைப் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. ஒரே ஆள் ஒரே குளிசையை இரண்டு நாள் எடுத்தாலும் இரத்த அளவு ஒத்திராது என்பது எதிர்வாதம். அதுவும் நியாயமான வாதமே. ஆனால் வகுப்பின் சராசரிப் புள்ளி சென்ற தவணையைப்போல இருக்கிறது என்பதால் ஒவ்வொரு பிள்ளையும் சென்ற தவணையைப்போல எடுத்தான் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார்.

நோயாளர் வழக்குத் தொடர்ந்தனர். லியோன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 யூனில் வழக்காளர் 3,300க்கு மேற்பட்டோருக்கு ஆளுக்கு 1,000 யூரோ நட்டஈடு விதித்தது. 2022 மார்ச்சில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதிற் கவனிக்கவேண்டியது நட்டஈட்டின் காரணம். குளிசை நஞ்சு என்பதற்காக அன்று. சேர்மானம் மாறியதை எடுப்பவர்க்குச் சரிவர அறிவிக்கவில்லை என்பதற்காக. வைத்தியருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் கடிதம் போயிற்று. விழுங்குகிறவருக்குத் தெரியவில்லை.

என் எண்ணத்தில் இந்நான்கு ஊர்க் கதைகளுக்கும் பொதுவான நோய் இதுதான். பிறிஸ்பேன் வைத்தியருக்கு மாற்றம் முன்பே தெரிந்திருந்தால் இரத்தத்தை முன்பே சோதித்திருப்பார். நியூசிலாந்து நோயாளர்க்கு முன்பே சொல்லியிருந்தால் வெள்ளைக் குளிசையைக் கண்டு அரளாதிருந்திருப்பர். மெய்யான கேட்டையும் பிரமையான கேட்டையும் ஒருங்கே குறைக்கக்கூடியது ஒரு சிறு அறிவித்தல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பொதுப்பெயர் மருந்து என்றவுடன் இலங்கையர் நன்றியோடு நினைக்கவேண்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவோடு சேர்ந்து நாட்டின் மருந்து விநியோகத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். அவ்வாண்டிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. அவரே முதற் றலைவர். ஒரே மருந்தை ஐந்தாறு வர்த்தகப் பெயர்களில் அதிக விலைக்கு இறக்குமதி செய்வதை நிறுத்தி, பொதுப் பெயரில், விலைமனுக் கோரி, மலிவாக வாங்கும் முறையை அவர் நிலைநாட்டினார். 1977இல் கயானா நாட்டிற் பணி செய்துகொண்டிருக்கையிற் காலமானார். இன்று நமது அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழை ஒருவர் காசு கொடாமற் குளிசை வாங்கிச் செல்வதில் அவருடைய கை இருக்கிறது. மாமியின் முறைப்பாட்டை வைத்துக்கொண்டு, "பெரிய கம்பனியின் பெயருள்ள மருந்தையே வாங்குவோம்" என்று பேசுவது அவர் கட்டியதை இடிப்பதாகும். அதற்குப் பணமுள்ளவர் வழி காண்பர். இல்லாதவர் மருந்தையே கைவிடுவர். 2022ஆம் வருடத்து நெருக்கடியில் மருந்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு, எந்தப் பெயரிலாவது ஒன்று கிடைத்ததே பெரும் பேறாயிருந்தது.

ஆயினும் விலைமனு முறையின் இயல்பு ஒன்று உண்டு. இந்த முறை ஒரு கம்பனி, அடுத்த முறை இன்னொரு கம்பனி. குளிசை மாறிக்கொண்டே இருக்கும். பிரான்சில் ஒரு தரம் நடந்தது நமக்கு அடிக்கடி நடக்கிறது. அத்தோடு, கிளினிக்கிற் குளிசையை எண்ணிச் சிறு உறையிற் போட்டுத் தருகிறார்கள். கம்பனியின் பெயர் பெட்டியோடு நின்றுவிடுகிறது. நோயாளிக்கு மிஞ்சுவது நிறமும் பருமனும். "வெள்ளைக் குளிசை காலமை, ரோசாக் குளிசை பின்னேரம்" என்றுதான் நம் ஆச்சிமார் மருந்தை அறிவார்கள். நிறமே அவர்களுடைய எழுத்து. அந்த எழுத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் அழித்து எழுதிவிட்டு, அவர்கள் அரளுகிறார்கள் என்று குறைகூறுவது எவ்வாறு பொருந்தும்?

ஒன்றை இடையிலே சொல்லிச் செல்கிறேன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். மிசன் பள்ளியிற் படித்தவன் என்பதால் இதைப் பெருமைக்குச் சொல்வதாக எண்ணவேண்டாம். அன்று முழு நூலையே தமிழில் எழுத முடிந்த மண்ணில், இன்று உறையின் மேல் ஒரு மருந்தின் பெயரைத் தமிழில் எழுத முடியாமலிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாம் செய்யக்கூடியது என்ன? பெரியவற்றைச் சட்டம் செய்பவர்க்கு விடுவோம். ஐக்கிய இராச்சியத்தில் 2013 முதல் வலிப்பு மருந்துகளை மூன்று வகுப்பாகப் பிரித்து, பினைற்றோயின், கார்பமசெப்பீன் முதலிய சிலவற்றை மாத்திரம் ஒரே கம்பனியினதாகத் தொடர்ந்து கொடுக்கவேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். எல்லா மருந்துக்கும் அன்று, வேண்டியதற்கு மாத்திரம். இம்முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நாடு வறியது என்பது இதற்குத் தடையன்று. பட்டியல் மிகச் சிறியது.

வீட்டில் உள்ளோர்க்கு: குளிசை மாறி வந்தால், விழுங்கு முன்பே, தருகின்றவரிடம் "மருந்து அதுவேயோ, கம்பனி மட்டும் வேறோ?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. சில வேளை மருந்தே மாறித் தரப்பட்டிருக்கவும் கூடும். அதுவும் அப்போது வெளிப்படும். உடம்பில் மாற்றம் தெரிந்தால் எந்த நாளிற் புதுக் குளிசை தொடங்கியது, எந்த நாளில் மாற்றம் தெரிந்தது என்று குறித்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிரே போகலாம். எனவே தாமாக நிறுத்துவது மட்டும் ஆகாது. தைரொட்சின் எடுப்போர்க்கு இன்னொன்று. குளிசை மாறி ஆறு முதல் எட்டுக் கிழமையின் பின்னரே இரத்தச் சோதனை உண்மையைக் காட்டும். முன்பு சோதித்துப் பயனில்லை. அதுவும் குளிசையை வெறுவயிற்றில், பச்சைத் தண்ணீரோடு, காலைக் கோப்பிக்கு அரை மணி முன்னதாக எடுப்பவர்க்கே பொருந்தும். கோப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, கல்சியக் குளிசையையும் உடனே விழுங்குபவர் கம்பனியைக் குறைசொல்ல முடியாது. அங்கே அனுபானம் பிழைத்தது அவருடைய அடுப்படியில்.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். மாதத்திற் கிளினிக் நாள் எது என்பது நமக்குத் தெரியும். அன்று வீட்டிலிருக்கும் நாம், தாத்தாவோடோ ஆச்சியோடோ ஒருவர் கூடப் போகலாம். அங்கே மருந்து தருபவரிடம் கம்பனியின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கலாம். இதற்கென ஓர் அட்டை வரைந்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் மருந்தின் பெயர் தமிழில், அளவு, எடுக்கும் நேரம். மறுபக்கத்தில் மாதந்தோறும் குளிசையின் நிறம், கம்பனி, தொடங்கிய திகதி, உடம்பிற் கண்டது. சட்டைப்பைக்கு அளவானது. மாதிரி ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஐந்நூறு அட்டை அச்சிட என்ன செலவாகும் என்று அச்சகத்தில் விசாரித்து அடுத்த கூட்டத்திற் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுத்துத் தெளிவாக எழுதக்கூடிய தோழர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் தங்கள் பெயரைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.